காலங்காத்தாலேயே 'சியர்ஸ்' சொல்றாங்களே!

என் அக்கா மகள் முதுகலை படிக்க இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்குப் போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தவள், நடுவே இதையும் சொன்னாள்.

"இங்கே பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லாரும் டிரைவரைப் பார்த்து 'சியர்ஸ், டிரைவ்!'னு சொல்லிட்டுத்தான் இறங்குறாங்க. நானும் பழகிட்டேன்."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "காலங்காத்தாலேயே என்னடி சியர்ஸ்? அதுவும் வண்டி ஓட்டுறவர்கிட்ட!"

அக்காவைக் குறை சொல்ல முடியாது. நம்மில் பலருக்கு இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தியதே சினிமாதான். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், கண்ணாடி டம்ளர்கள் 'டங்' என்று மோதும், 'சியர்ஸ்' என்பார்கள், திரையின் ஓரத்தில் மது கேடு என்று எச்சரிக்கை வாசகம் தோன்றும். அந்தச் சொல்லைப் பெண் வாயால் கேட்டால் எந்த அம்மாவுக்கும் 'திக்'கென்றுதான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவள் எனக்கு மட்டும் தனியாக போன் செய்தாள். "சித்தி, வெள்ளிக்கிழமை டிபார்ட்மென்ட்ல வெல்கம் டின்னர். எல்லாரும் கிளாஸைத் தூக்கி சியர்ஸ் சொல்லுவாங்களாம். நான் குடிக்க மாட்டேன். ஜூஸை வெச்சுக்கிட்டு சொன்னா சிரிப்பாங்களா? சொல்லாம உட்கார்ந்திருந்தா மரியாதைக் குறைவா?"

நல்ல கேள்வி. வெளிநாட்டில் படிக்கும், வேலை பார்க்கும் பிள்ளைகள் பலருக்கும் ஒருநாள் வரக்கூடிய கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவு கதை இருக்கிறது என்று தெரிந்தது.

முகத்தில் பிறந்த சொல்

'சியர்' என்ற சொல்லுக்கும் மதுவுக்கும் பிறப்பில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதன் முதல் பொருள், முகம்!

பிற்கால லத்தீனில் 'காரா' என்றால் முகம். அது பழைய பிரெஞ்சு மொழியில் மாறி, இங்கிலாந்தை ஆண்ட நார்மானியர்களின் பேச்சு வழியாக 1200-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது 'நல்ல சியர்' என்றால் மலர்ந்த முகம். 'கெட்ட சியர்' என்றால் வாடிய முகம். முகத்தில் தெரிவது மனம்தானே? அதனால் சொல்லின் பொருள் மெல்ல முகத்திலிருந்து மனநிலைக்கு நகர்ந்தது. பிறகு கெட்ட மனநிலை கழன்றுபோய், மகிழ்ச்சி என்ற பொருள் மட்டும் தங்கியது.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. "அவர் முகம் கொடுத்தே பேசலை" என்று நாமும் வருத்தப்படுகிறோம். மனம் இல்லை என்பதைத்தான் முகம் இல்லை என்கிறோம்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல் உற்சாகக் கூச்சலுக்குப் பெயரானது. இது கப்பல் மாலுமிகளிடமிருந்து கரைக்கு வந்த வழக்காக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். கிரிக்கெட் மைதானத்தில் துள்ளும் 'சியர் லீடர்'களின் பெயருக்கு வேர் இதுதான். 1898-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டத்தில் இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் ஓர் ஆண் மாணவர். பல ஆண்டுகள் அது ஆண்களின் வேலையாகவே இருந்தது.

சரி, கோப்பையைத் தூக்கி 'சியர்ஸ்' சொல்வது எப்போது வந்தது? அச்சில் கிடைக்கும் பழைய சான்று 1919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எட்டு நூற்றாண்டு வயதான சொல்லுக்கு மதுக்கோப்பையோடு இருக்கும் பழக்கம் நூறு வருடத்துச் சமாசாரம்தான்!

அதற்கு முன் என்ன சொன்னார்கள்?

பழைய இங்கிலாந்தில் கோப்பையை நீட்டுபவர் 'வாசைல்' என்பார். வாங்குபவர் 'டிரிங்க்ஹைல்' என்று பதில் சொல்வார். 'வாசைல்' ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்த வாழ்த்து. 'நலமாக இரு' என்று பொருள். ஆரோக்கியத்தைக் குறிக்கும் 'ஹெல்த்', முழுமையைக் குறிக்கும் 'ஹோல்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே வேரில் முளைத்தவைதான்.

இந்த வாழ்த்து மனிதர்களுக்கு மட்டும் இல்லை, மரங்களுக்கும் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கில், ஆப்பிள் தோப்புகள் நிறைந்த சாமர்செட் மாவட்டத்தில், ஜனவரி மாதக் குளிரில் ஊர்க்காரர்கள் தோப்புக்குள் திரண்டு மரத்தைச் சுற்றிப் பாடுவார்கள். ஆப்பிள் சாறைப் புளிக்கவைத்துச் செய்யும் 'சைடர்' பானத்தை வேரில் ஊற்றுவார்கள். அதில் நனைத்த ரொட்டித் துண்டைக் கிளையில் வைப்பார்கள். சத்தம் எழுப்பிக் கெட்ட ஆவிகளை விரட்டுவார்கள். 'வரும் வருஷம் நன்றாகக் காய்க்க வேண்டும்' என்று மரத்துக்குச் சொல்லும் வாழ்த்து இது. சில ஊர்களில் இன்றும் நடக்கிறது.

'டோஸ்ட்' என்ற ரொட்டி வாழ்த்தானது எப்படி?

ஆங்கிலத்தில் இப்படிக் கோப்பை உயர்த்தி வாழ்த்துவதற்குப் பெயர் 'டோஸ்ட்'. நாம் காலையில் வெண்ணெய் தடவிச் சாப்பிடும் அதே டோஸ்ட்தான்!

அந்தக் காலத்தில் மசாலா தூவி வாட்டிய ரொட்டித் துண்டை ஒயினில் மிதக்க விடுவார்கள். பானத்துக்கு மணம் ஏறும். ஷேக்ஸ்பியரின் 'மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்' நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்ற தொந்திக்காரப் பாத்திரம், ஒயின் கொண்டுவரச் சொல்லும்போது அதில் ஒரு டோஸ்ட் போடவும் சொல்கிறது.

ரொட்டி பானத்துக்குச் சுவை கூட்டுவது போல, ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னால் விருந்துக்கே சுவை கூடும் என்று 17-ஆம் நூற்றாண்டு ஆண்கள் நினைத்தார்கள். அப்படிப் பெயர் சொல்லப்பட்ட பெண்ணே 'டோஸ்ட்' எனப்பட்டாள். 1709-ல் லண்டனில் வெளிவந்த 'டாட்லர்' இதழ் இதற்கு ஒரு கதை சொல்கிறது. பாத் நகரத்துப் பொதுக் குளத்தில் ஓர் அழகி நீராடிக்கொண்டிருந்தாளாம். ரசிகர் ஒருவர் அந்தக் குளத்து நீரையே ஒரு கோப்பை மொண்டு, அவள் நலத்துக்காகக் குடித்தாராம். பக்கத்தில் அரைப் போதையில் இருந்தவர், 'பானம் எனக்குப் பிடிக்கவில்லை, அதில் மிதக்கும் டோஸ்ட் மட்டும் எனக்கு வேண்டும்' என்று குளத்தில் குதிக்கப் பார்த்தாராம்.

கதை உண்மையோ பொய்யோ, சொல் நிலைத்துவிட்டது. ரொட்டி மறைந்தது, பெண் என்ற பொருளும் பின்னால் போனது, இன்று வாழ்த்துக்கே அது பெயர்.

கூடப் பிறந்த சொற்கள்

'சியர்ஸ்' போலவே ஆங்கில விருந்துகளில் காதில் விழும் வேறு சில சொற்களும் உண்டு. பொருள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பாட்டம்ஸ் அப்: கோப்பையின் அடிப்பாகம் மேலே வரட்டும் என்று அர்த்தம். அதாவது, ஒரே மூச்சில் காலி செய்! வாழ்த்தைவிட இதில் கட்டளை அதிகம். இதற்கு ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். கடற்படைக்கு ஆள் பிடிப்பவர்கள் பீர் குவளைக்குள் அரசரின் நாணயத்தைப் போட்டுவிடுவார்களாம். குடித்தவர் அதை 'வாங்கிக்கொண்டதாக' ஆகி, சேர்ந்தே தீர வேண்டுமாம். அதனால் குவளையின் அடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடிப்பார்களாம். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் அன்றைய சட்டப்படி மாலுமிகளை வலுக்கட்டாயமாகவே இழுத்துப் போகலாம். நாணயத் தந்திரத்துக்குத் தேவையே இல்லை.

டவுன் தி ஹேட்ச்: கப்பலின் மேல்தளத்தில் சரக்கு இறக்கும் திறப்புக்கு 'ஹேட்ச்' என்று பெயர். இங்கே தொண்டைதான் அந்தத் திறப்பு. குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுக்கும்போதும் இதைச் சொல்வதுண்டு.

சின்-சின்: மோதும் கோப்பையின் ஓசை என்று நினைப்போம். இல்லை. சீன மொழியில் 'சிங் சிங்' என்றால் 'தயவுசெய்து, தயவுசெய்து' என்று உபசரிப்பது. சீனத் துறைமுகங்களில் வணிகம் செய்த ஆங்கிலேயர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிடித்துக்கொண்ட சொல் இது. இத்தாலியில் இன்றும் பிரபலம். ஜப்பானில் மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். அங்கே அது ஆண்குறிக்குச் சிறுவர்கள் சொல்லும் பெயர்!

சியரியோ: 'போய் வருகிறேன்' என்பதற்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய சொல். இப்போது கொஞ்சம் தாத்தா காலத்து வாடை வீசும்.

உலக மொழிகளின் விருந்துச் சொற்களைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு கட்சி நலம் வேண்டுகிறது. பிரெஞ்சின் 'சான்தே', ஸ்பானிய மொழியின் 'சலூத்', ஐரிஷ் மொழியின் 'ஸ்லான்சா' எல்லாமே ஆரோக்கியம்தான். யூதர்களின் 'லெஹாயிம்' என்பது 'வாழ்வுக்கு!'. இன்னொரு கட்சி, குடித்து முடி என்கிறது. சீனத்தின் 'கான்பெய்', ஜப்பானின் 'கன்பாய்' இரண்டுக்கும் 'கோப்பை வறளட்டும்' என்பதே நேர்ப் பொருள். 'பாட்டம்ஸ் அப்' இந்தக் கட்சி. மலர்ந்த முகத்தைச் சொல்லும் 'சியர்ஸ்' முதல் கட்சியின் பக்கத்தில் நிற்கிறது.

வாழ்த்தா, வற்புறுத்தலா?

எல்லாம் நல்ல வாழ்த்துதானே என்று விட்டுவிட முடியாது. இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஒருவர் எழுந்து, 'இன்னாரின் நலத்துக்காக' என்று கோப்பையை உயர்த்தினால், குடிக்காமல் இருப்பவர் அந்த இன்னாருக்குக் கெடுதல் நினைப்பவர் ஆகிவிடுவார்! அடுத்தவர் எழுந்து இன்னொரு பெயரைச் சொல்வார். இப்படி ஒவ்வொருவர் நலத்துக்கும் குடித்து, கடைசியில் யாருக்கும் நலம் இருக்காது.

இதைக் கண்டு கொதித்தவர் வில்லியம் பிரின் என்ற ஆங்கிலேயர். 1628-ல் இந்தப் பழக்கத்தைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். தலைப்பின் பொருள்: 'நலங்கள் என்னும் நோய்'. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1639-ல் பிறர் நலத்துக்காகக் கோப்பை உயர்த்துவதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சட்டம் நிற்கவில்லை, 1645-ல் திரும்பப் பெற்றார்கள்.

இங்கிலாந்தில் மன்னராட்சி ஒழிந்து, 1660-ல் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பி வந்தபோது நடந்தது இன்னும் வேடிக்கை. மன்னர் நலத்துக்காகக் குடித்துக் கூத்தடிப்பதே விசுவாசம் என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். வந்த கையோடு மன்னர் இட்ட ஓர் ஆணை, அப்படிப்பட்டவர்களைக் கண்டித்துத்தான். 'என் நலத்துக்குக் குடிப்பதோடு உங்கள் விசுவாசம் முடிந்துவிடுகிறதே!' என்ற பொருளில் அவர் நொந்துகொண்டார்.

பிரிட்டிஷ் கடற்படை விருந்துகளில் கிழமைக்கு ஒரு வாழ்த்து என்று மரபே இருக்கிறது. திங்கள், கடலில் இருக்கும் கப்பல்களுக்கு. ஞாயிறு, அருகில் இல்லாத நண்பர்களுக்கு. வியாழக்கிழமை வாழ்த்து மட்டும் தூக்கிவாரிப் போடும்: ரத்தக்களரியான ஒரு போர், இல்லாவிட்டால் கொள்ளை நோய் பரவும் ஒரு பருவம் வரட்டும் என்பது! மேலே இருப்பவர்கள் செத்தால்தானே கீழே இருப்பவருக்குப் பதவி உயர்வு? சனிக்கிழமை வாழ்த்து, மனைவியருக்கும் காதலியருக்கும் என்று இருந்தது. 'இருவரும் சந்திக்காமல் இருக்கட்டும்' என்று கூட ஒரு கேலியும் சேர்த்துக்கொள்வார்கள். கடற்படையில் பெண்களும் பணிபுரியும் காலத்தில் இது பொருந்துமா? 2013-ல் அதை 'நம் குடும்பங்களுக்கு' என்று மாற்றிவிட்டார்கள். எவ்வளவு பழைய மரபும் மாறக்கூடியதுதான்.

கோப்பைகளை மோதுவது ஏன் என்பதற்கும் ஒரு கதை உலவுகிறது. விஷம் கலந்திருந்தால் ஒன்றில் இருப்பது இன்னொன்றில் தெறிக்கட்டும் என்று மோதினார்களாம். இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ததும்ப ததும்ப நிரப்பினால் ஒழிய அப்படித் தெறிக்கவும் தெறிக்காது.

கோப்பையை விட்டு வெளியே வந்த சொல்

இப்போது பிரிஸ்டல் பஸ்ஸுக்கு வருவோம். 'நன்றி' என்ற பொருளில் 'சியர்ஸ்' பிரிட்டனில் அச்சேறியது 1970-களில். இன்று அங்கே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும், மீதிச் சில்லறை தரும் கடைக்காரருக்கும், பேனா கடன் கொடுப்பவருக்கும் 'சியர்ஸ்'தான். போனை வைக்கும்போது 'வரட்டுமா?' என்பதற்கும் அதுவே. பஸ் டிரைவருக்குச் சொல்லும் 'சியர்ஸ், டிரைவ்!' பிரிஸ்டல்காரர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

புதிதாகப் போகிறவர்கள் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நண்பர், சக மாணவர், கடைக்காரர், பஸ் டிரைவர் ஆகியோரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

வேலைக்கான நேர்முகத் தேர்வு, நீதிமன்றம், முன்பின் தெரியாத மேலதிகாரிக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் ஆகியவற்றில் 'தேங்க் யூ'தான் பொருத்தம்.

துக்க வீட்டில் வேண்டாம். 'சியர் அப்' என்பதும் அப்படித்தான். 'மனசைத் தேற்றிக்கோ' என்ற அர்த்தத்தில் நாம் சொன்னாலும், 'உம்மென்று இருக்காதே' என்று கேட்பவர் காதில் விழக்கூடும்.

அமெரிக்காவில் 'சியர்ஸ்' என்றால் இன்னமும் பெரும்பாலும் கோப்பைதான். அங்கே நன்றிக்கு இதைச் சொன்னால், 'பிரிட்டனில் இருந்தீர்களா?' என்று கேட்கலாம்.

குடிக்காதவர் என்ன செய்வது?

ஒருவர் நலத்தை வாழ்த்திக்கொண்டே நலத்தைக் கெடுக்கும் ஒன்றைக் குடிப்பதில் இருக்கும் முரண்பாடு, இன்று மருத்துவர்கள் வெளிப்படையாகச் சொல்லும் விஷயம். பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016-ல், ஆணோ பெண்ணோ வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள். 14 யூனிட் என்பது சாதாரண பீரில் சுமார் ஆறு பைன்ட். ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று அதிகம். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு மது என்று ஒன்று கிடையாது என்றே சொல்லிவிட்டது.

ஆகவே குடிக்காமல் இருப்பவர் கூச வேண்டியதே இல்லை. அக்கா மகளிடம் நான் சொன்னது இதுதான்.

"எல்லாரும் கிளாஸைத் தூக்கும்போது நீயும் தூக்கு. அதில் ஆரஞ்சு ஜூஸ் இருந்தால் என்ன, சோடா இருந்தால் என்ன? 'சியர்ஸ்' என்ற சொல் உன் கிளாஸைக் கேட்கவில்லை, உன் முகத்தைத்தான் கேட்கிறது. எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து, சிரித்துச் சொல். யாராவது ஊற்ற வந்தால், 'நோ, தேங்க்ஸ், ஐ டோன்ட் டிரிங்க்' என்று ஒரு வரி போதும். ஏன், எதற்கு என்று விளக்கம் தர வேண்டாம். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால்தான் வாதம் வளரும். அதற்கு மேலும் 'பாட்டம்ஸ் அப்' என்று யாராவது நெருக்கினால், அது வாழ்த்து இல்லை, வற்புறுத்தல். எழுந்து வேறு மேசைக்குப் போய்விடு."

பச்சைத் தண்ணீரில் வாழ்த்துச் சொன்னால் ஆகாது என்று கடற்படைக்காரர்களிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. கடலில் மூழ்கிப் போவார்களாம். அதே சமயம், அமெரிக்க விமானப்படை விருந்துகளில் போரில் காணாமல் போனவர்களுக்கும் சிறைப்பட்டவர்களுக்கும் தண்ணீரால்தான் கோப்பை உயர்த்துகிறார்கள். அங்கே மிக கனமான வாழ்த்துக்கே தண்ணீர் போதுமானதாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நீண்ட மேசை, ஏழெட்டு முகங்கள், உயர்த்திய கண்ணாடிக் கோப்பைகள். அவள் கையில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் சோடா. 'எங்க டேபிள்ல இன்னும் ரெண்டு பேர் ஜூஸ்தான் சித்தி. யாரும் எதுவும் கேக்கலை' என்று கீழே எழுதியிருந்தாள்.

படத்தை அக்காவிடம் காட்டி, முகம், ரொட்டி, ஆப்பிள் மரம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் போய், டபராவில் ஆற்றிய காபியோடு வந்தாள். என் பக்கம் ஒரு தம்ளரை நகர்த்திவிட்டுத் தன் தம்ளரைச் சற்றே தூக்கினாள்.

"சியர்ஸ்தானே? சொல்லிட்டாப் போச்சு!"